பேண்டேஜ் துணிக்கு அந்தப் பக்கம்

அம்பாலா ஸ்டேஷனில் நான் ரயிலைக் கோட்டைவிட்டுவிட்டு அரை மூட்டை கோதுமையோடு நின்ற கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இவ்வளவு நடந்தும் நீங்கள் உங்கள் கணவரோடு சண்டையே போட்டதில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். போட்டிருக்கிறேன் அம்மா. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்க, ஒரு சினிமாத் திரைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்றுகொண்டு போட்டிருக்கிறேன். டிக்கெட் கிடையாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெயில் மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. ராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியின் பேக்கிங் ஷெட். சலவைத் துணி வாசனையும், யாரோ கொண்டுவந்திருந்த வறுத்த கடலை வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஷெட்டின் நடுவே உத்தரத்திலிருந்து தொங்கிய துணியில், கறுப்பு வெள்ளையில் ஓர் அமெரிக்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் பெண்கள். அவர்களோடு, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்.

படத்தில் கோட்டு போட்ட கதாநாயகன் ரயில் சிப்பந்தியிடம் ஏதோ கேட்டார். அதை ஆண்களுக்குத் தமிழில் விளக்க வேண்டியவர் என் கணவர் குருசாமி. துணிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாருன்னா, ஒத்த வார்த்த சொன்னதுக்கு ஒரு பொம்பள பொட்டியத் தூக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போவாளாய்யான்னு கேக்காரு."

படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. அந்த ஆள், சாப்பாடு கிடைக்கும் பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். அவ்வளவுதான்.

நான் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

நாலு மடிப்பு

முதலில் அந்தத் திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் எதுவும் புரியாது.

என் கணவர் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்து, இந்தக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் ஆனவர். நான் அதே காம்பவுண்டுக்குள் எக்ஸ்போர்ட் ஆபீசில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதும், எந்தப் பெட்டியில் எத்தனை ரோல் போகிறது என்று பேக்கிங் லிஸ்ட் அடிப்பதும் என் வேலை.

மாதத்தில் ஒரு ஞாயிறு தொழிலாளர்களுக்குப் படம் போடலாம் என்று நாங்கள் இருவரும் ஆரம்பித்தோம். புரொஜெக்டர் ஜமால் அண்ணனுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மைக்செட் கடை வைத்திருக்கிறார். என்னைத் தங்கச்சி என்றும், அந்த உறவில் இவரை மச்சான் என்றும் கூப்பிடுவார். அவர்தான், நல்ல திரை ஒன்று வேண்டும் என்றார். இவருக்கு அது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"நாள் பூரா வெள்ளத்துணியா நெய்து தள்ளுதோம். ஒரு படம் காட்டத் துணி வெளிய போயி வாங்கவா? கேட்டா ஊரே சிரிக்கும் பாய்."

பேண்டேஜ் கம்பெனிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. புண்ணுக்குக் காற்றுப் போகவேண்டும் என்பதற்காகவே கண் விட்டு நெய்கிற துணி அது. வெளிச்சத்தை மட்டும் நிறுத்தி வைக்குமா? ஒரு மடிப்பு கட்டிப் பார்த்தால் படம் துணியில் பாதியும் பின்சுவரில் மீதியும் விழுந்தது. இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று போய், நாலு மடிப்பில் ஒருவழியாகப் படம் துணியிலேயே நின்றது.

முதல் நாள் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பேண்டேஜ் ரோல் சுற்றுகிற பேச்சியம்மாள், காற்றுக்காகப் பின்வாசல் பக்கம் போய் உட்கார்ந்தவள், "ஏ அக்கா, இங்கயும் தெரியுதுக்கா!" என்று சத்தம் போட்டாள். பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே மலைக்காற்று வேறு. அதிலிருந்து அதுவே வழக்கம் ஆயிற்று.

எங்கள் பக்கம் எல்லாம் இடம் வலமாக இருக்கும். கதாநாயகன் ஆண்கள் பக்கம் வலது கையால் கையெழுத்துப் போடுவார், எங்கள் பக்கம் நொட்டாங்கைக்காரர். புரொஜெக்டரின் வெளிச்சம் துணி வழியே ஒரு பொட்டு மாதிரி நடுவில் தெரியும். சில சமயம் அது கதாநாயகனின் மூக்கு நுனியில் போய் நிற்கும். அதெல்லாம் பழகிவிட்டது.

பின்னால் ஜமால் அண்ணன் மனம் கேட்காமல் நிஜத் திரை ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்றபோது, பெண்கள் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார்கள். "எங்க பக்கம் போயிரும்லா" என்றாள் பேச்சியம்மாள்.

ஆறு படம், ஒரே சண்டை

படங்கள் வந்த விதமும் விசித்திரம்தான். துணியின் தரம் பார்க்க வந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் நான் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டுவிட்டு, "இப்படிச் சிரிக்கிறவளிடம் இது இருக்கட்டும்" என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு படங்கள். ஹாலிவுட்டில் அந்தக் காலத்தில் வரிசையாக எடுத்தவை.

ஆறிலும் அதே கணவன், அதே மனைவி. ஒவ்வொரு படத்திலும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வரும். இருவரும் பிரிந்து போவார்கள். நடுவில் ஏதாவது ஒரு மிருகம் வந்து மாட்டும். முதல் படத்தில் குரங்கு, இரண்டாவதில் கழுதை, மூன்றாவதில் பன்றிக்குட்டி. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் கதாநாயகன் தன் தொப்பியைத் தொலைப்பார். தொப்பி தொலைந்ததுமே எங்கள் ஷெட்டில் விசில் பறக்கும்.

அந்தப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவர் மாப்பிள்ளை, அவள் பொண்ணு. அடுத்தடுத்து ஆறு தடவை சண்டை போட்டுக்கொண்டாலும் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் மாப்பிள்ளையும் பொண்ணும்தான்.

படங்களில் தமிழ் எழுத்து ஓடாது. தொடக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் நானே மைக்கில் விளக்கினேன். ஒரே மாதத்தில் ஆண்களிடமிருந்து புகார் வந்துவிட்டது. "அக்கா பொண்ணு பக்கமே பேசுதாவ. மாப்பிள்ளைக்குன்னு கேக்க நாதியில்ல." புகாரில் உண்மை இருந்தது. அதன் பிறகு ஆண்கள் பக்கத்தை இவர் எடுத்துக்கொண்டார். இவருக்கு மைக் வேண்டாம். பரேட் மைதானத்தில் பழகிய குரல்.

எங்கள் மகள் படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். வியாழக்கிழமைதோறும் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டில் வசனம் எழுதுவோம். நான் ஒரு அர்த்தம் சொன்னால் அவர் ஒன்று சொல்வார். கழுதை வந்த படத்தில் அவர் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த ரசம் நோட்டு முழுக்கத் தெறித்தது. அந்த மஞ்சள் கறையுள்ள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது அப்படி வலித்தது.

வெளியூர்த் தண்ணீர்

ஒருநாள் காலையில் கம்பெனி கேட்டில் வைத்து மேனேஜர் இவரைக் கேட்டிருக்கிறார். சென்னை ஆபீசில் ஆறு மாதம் ஒரு வேலை இருக்கிறது, புதிய ஆட்களுக்கு எக்ஸ்போர்ட் காகித வேலையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும், உங்கள் வீட்டம்மாவை அனுப்பலாமா என்று.

இவர் சைக்கிளைவிட்டுக்கூட இறங்காமல் பதில் சொல்லியிருக்கிறார். "அவ வரமாட்டா சார். அவளுக்கு வெளியூர்த் தண்ணி ஒத்துக்காது."

எனக்கு இது மூன்று நாள் கழித்துப் பேச்சியம்மாள் மூலம் தெரிந்தது. "ஏக்கா, ஒங்களுக்குத் தண்ணி ஒத்துக்காதாமே? அண்ணன் மேனேஜர்ட்ட சொல்லிட்டிருந்தாவ. பாத்தா அப்பிடித் தெரியலையே."

எனக்கா? இவரோடு பட்டாளக் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய் ஜோத்பூரில் உப்புத் தண்ணீர் குடித்தேன், ஜபல்பூரில் செம்மண் தண்ணீர் குடித்தேன், அம்பாலாவில் அடிகுழாயில் துரு வாடை அடிக்கிற தண்ணீர் குடித்தேன். ஒரு தும்மல் போட்டதில்லை. ஜோத்பூரில் இரண்டு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தது யார்? இவர். கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? நான்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். நீ எப்பிடியும் போகமாட்டல்லா."

"என்னையக் கேட்டீயளா?"

"கேட்டா மட்டும் என்ன சொல்லப்போற?"

"அத நாந்தான சொல்லணும்?"

அவர் எழுந்து போய் டி.வி.யைப் போட்டார். நான் பெட்டியை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் என் அம்மா வீடு. பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினேன். அம்மா தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். மறுநாள் காலையில்தான், காபியை நீட்டிக்கொண்டே, "எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள்.

நான் மேனேஜரிடம் நேராகப் போனேன். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் என்றேன். நல்ல மனிதர், ஆனால் குடும்பச் சண்டையில் தலை மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம். "வீட்ல பேசிட்டு வாங்கம்மா. இன்னும் மூணு வாரம், மூணாவது திங்கக்கிழமை வரைக்கும் இடத்த வச்சிருக்கேன்" என்றார்.

அங்கேயே, "நான் போகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். பலர் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது அனுமதி இல்லை. எந்தச் சட்டை போடட்டும் என்று தினமும் காலையில் என்னைக் கேட்கிற மனிதர், என் விஷயத்தில் என்னைக் கேட்காமல் ஒரு பதில் சொன்னார். அந்தப் பதிலை அவர் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடக்காமல் சென்னைக்குப் போனால் புருஷனை மீறிப் போனவள் ஆவேன். போகாமல் இருந்தால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவள் ஆவேன். இரண்டும் நான் இல்லை.

சீயக்காய்க் கடிதப் போக்குவரத்து

சண்டை போட்டாலும் இருவருக்கும் ஒரே காம்பவுண்டு. நான் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். எதிரே வந்தால் அவர் பஞ்சு மூட்டையைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஆனால் பேக்கிங் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே. நான் அடித்து அனுப்ப வேண்டும், அவர் பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் வந்த லிஸ்டின் அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: 'காபித்தூள் எங்கே?'

அடுத்த லிஸ்டில் நான் எழுதினேன்: 'கேட்காமலே எல்லாம் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும்.'

அதற்கு அடுத்ததில் பதில்: 'கண்டுபிடித்தாயிற்று.'

மறுநாள்: 'அது சீயக்காய்.'

நான் சிரித்துவிட்டேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் பதில் எழுதவில்லை. அந்தச் சீயக்காய் லிஸ்ட் தவறிப்போய்ச் சரக்கோடு கப்பல் ஏறிவிட்டது. பின்னால் ஒருநாள், சரக்கை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள், கீழே ஏதோ புதிய தர முத்திரை இருக்கிறதே, அதற்கு என்ன பொருள் என்று பணிவாகக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

இதற்கிடையில் எங்கள் சண்டைச் செய்தி சோழபுரத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் இவருடைய அண்ணன் விவசாயம் பார்க்கிறார். திங்கட்கிழமை காலையில் பெரியவர்கள் நாலு பேரைக் காரில் கூட்டிக்கொண்டு மடவார் வளாகம் வருகிறோம், பேசி முடித்துவிடுவோம் என்று என் அம்மாவுக்குப் போன் வந்தது. மேனேஜர் சொன்னதும் அதே திங்கட்கிழமை.

எனக்கு நாலு பேர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். என்னிடம் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்வார்கள். இவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். 'என்னை ஏன் கேட்கவில்லை' என்ற என் கேள்வி மட்டும் எச்சில் இலையோடு வெளியே போய்விடும். அவர்கள் வருவதற்குள் இவராக வாயைத் திறக்க வேண்டும். நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வாத்து வந்த படம்

அந்த ஞாயிறுக்கு நாலாவது படம். முதல் தடவையாக அதை நாங்கள் தனித்தனியாகப் பார்த்து வசனம் எழுதியிருந்தோம். அவர் வீட்டில் லேப்டாப்பில், நான் அம்மா வீட்டில் போனில். சிரிப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

படத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் சண்டை போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ரயிலில் ஏறிவிடுவார்கள். பொண்ணு தன் அத்தைக்குப் பரிசாக ஒரு வாத்தைக் கூடையில் கொண்டுபோகிறாள். வாத்து கூடையை விட்டு வெளியே வந்துவிடும். இதுதான் கதை.

ரயில் சிப்பந்தியிடம் மாப்பிள்ளை சாப்பாட்டுப் பெட்டி கேட்ட இடத்தில்தான் இவர் ஆரம்பித்தார். ஒத்த வார்த்தையாம், ஆத்தா வீடாம். நான் சும்மா இருப்பேனா? திரையில் பொண்ணு ஒரு வாய் காபி குடித்துவிட்டு, ஆறிப்போயிருக்கிறது என்று முகம் சுளித்தாள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"பொண்ணு என்ன சொல்லுதான்னா, அது ஒத்த வார்த்த இல்ல, என் வார்த்த. என் வாயில இருக்க வேண்டியத ஒன் வாயில எடுத்துப் போட்டுக்கிட்டு எதுக்குச் சொன்னன்னு கேக்கா."

பெண்கள் பக்கம் "அப்பிடிக் கேளு" என்று ஒரு குரல் எழுந்தது.

அந்தப் பக்கமிருந்து உடனே வந்தது. "மாப்பிள்ளை சொல்லுதாரு, எல்லாம் அவ நல்லதுக்குத்தான் சொன்னாராம்."

"பொண்ணு சொல்லுதா, என் நல்லது எனக்குத் தெரியுமாம்!"

"ஏக்கா," என்றாள் பேச்சியம்மாள், "அந்தப் பிள்ள வாயவே தொறக்கல. தூங்கிட்டிருக்கு. நீங்க இம்புட்டுப் பேசுதீய?"

பார்த்தேன். பொண்ணு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நடு நெற்றியில் புரொஜெக்டர் பொட்டு.

அந்தப் பக்கமும் சலசலப்பு. "அண்ணே, நீங்க ஒண்ணு சொல்லுதீய, மைக்குல அக்கா ஒண்ணு சொல்லுதாவ. ரெண்டு பக்கமும் ஒரே படந்தான ஓடுது?"

படம் சட்டென்று நின்றது. ஜமால் அண்ணன் அட்டைப்பெட்டி அடுக்கின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்.

"மச்சான், தங்கச்சி, ரெண்டு பேருக்கும் சொல்லுதேன். சனங்க ஆசையா வந்து ஒக்காந்திருக்கு. படத்தச் சொல்லுங்க. சண்ட போடணும்னா வெளிய வேப்பமரம் இருக்கு."

நூறு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அதன் பிறகு ஒழுங்காகவே விளக்கினோம். வாத்து சமையல்காரரைத் துரத்தியது, டிக்கெட் பரிசோதகரின் மேல் ஏறியது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் படம் போய்விட்டது. மறுநாள் காலையில் கார் வரும்.

பிளாட்பாரத்துக் காட்சி

கடைசிக்கு முந்திய காட்சி. ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. பொண்ணு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே பிளாட்பாரத்தில் தலையில் தொப்பி இல்லாமல் மாப்பிள்ளை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு எதிரே நின்றுகொண்டு நீளமாக ஏதோ பேசுகிறார். முகம் பெரிதாகத் தெரிகிறது.

அந்த இடத்தில் இவர் வாய் திறக்கவில்லை.

"அண்ணே, என்ன சொல்லுதாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

மெதுவாகக் குரல் வந்தது. பரேட் மைதானக் குரல் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. ஜமால் அண்ணன் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை சொல்லுதாரு... அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா போறேன்னு சொல்லிருவான்னு தெரியும். அதுக்குப் பயந்துதான் கேக்கல. பிள்ளையும் ஊர்ல இல்ல. இவளும் போயிட்டா அந்த வீட்ல நான் யாருகூடப் பேச? அவளுக்குத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னது பொய். அவ இல்லாம எனக்குத்தான் ஒத்துக்காது. தப்பு எம்மேலதான். அப்பிடின்னு சொல்லுதாரு."

பின்வாசல் காற்றில் துணி மட்டும் லேசாக அசைந்தது. மாப்பிள்ளையின் முகமும் அதோடு சேர்ந்து அசைந்தது.

நாலு மடிப்புக்கு அப்பால் இவர் நிற்கிற நிழல் தெரிகிறதா என்று தேடினேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டதால் எதுவும் தெரியவில்லை. கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தனியாக இருக்கப் பயம் என்று இந்த மனிதர் இருபத்துநாலு வருடத்தில் ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொன்னார். அதுவும் நூறு பேர் நடுவில்.

"எக்கா," பேச்சியம்மாள் என் முழங்காலைத் தட்டினாள். "நம்ம பக்கம் பொண்ணு சிரிக்கா பாருங்க. என்ன சொல்லுதா?"

திரையில் பொண்ணு ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கைத் தூக்கினேன்.

"பொண்ணு என்ன சொல்லுதான்னா, இம்புட்டு நாளா இத ஏன் சொல்லலன்னு கேக்கா. பொறவு, காலையில காரு ஒண்ணும் வரவேண்டாம்னு சோழபுரத்துக்குப் போன் போட்டுச் சொல்லணுமாம். மேனேஜர்ட்ட மாப்பிள்ளையே நேர்ல போயி, சொன்னது தப்புன்னு சொல்லணுமாம்."

"சொல்லிருதேன்" என்றது அந்தப் பக்கம்.

"சொல்லிருதாராம்" என்றேன் நான் மைக்கில்.

"அந்த ஊர்லயும் சோழபுரம் இருக்கா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணிக்கு இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். ஜமால் அண்ணன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மீதிப் படத்தை ஓட்டினார்.

ஆட்கள் போன பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியை மடித்தோம். மடித்துக்கொண்டே வந்தால் நெருங்கி வந்துதானே ஆகவேண்டும்? பக்கத்தில் வந்ததும் கேட்டேன்.

"அந்த எடத்துல மாப்பிள்ளை நெசமா என்ன சொல்லுதாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? தொப்பியக் காணும், சாம்பல் கலரு, ஓரத்துல இறகு சொருகியிருக்கும், யாரும் பாத்தீயளான்னு கேக்கான்." துணியை என் கையில் கொடுத்தார். "வாத்து அதுமேலதான் ஒக்காந்திருக்கு. அதப் பாத்துதான் அவ சிரிக்கா."

கஞ்சி போட்ட சட்டை

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டார். அவருக்கு ஏமாற்றம். "சட்டைக்குக் கஞ்சியெல்லாம் போட்டு வச்சிட்டனேடா" என்றாராம்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்கு இருவருமாகப் போனோம். இவர் அட்டென்ஷனில் நின்றார். "சார், அன்னைக்கு நான் அவளக் கேக்காமச் சொல்லிட்டேன். அவளுக்கு எல்லா ஊர்த் தண்ணியும் ஒத்துக்கும். மத்தத அவளே சொல்லுவா." மத்ததை நான் சொன்னேன். அடுத்த வாரம் சென்னைக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் இவர் காபித்தூள், சீயக்காய் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்தப் படத்துக்கு எங்கள் ஊரில் ஏக மவுசு. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் கேட்டார்கள் என்று மறுபடி போட்டார்கள். அதன் பிறகும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பிளாட்பாரத்துக் காட்சி வந்ததும் ஆண்கள் அமைதியாகிவிடுவார்கள். ஒரு தடவை இவர் நல்லபிள்ளையாகத் தொப்பியைப் பற்றி மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறார். "அண்ணே, வசனத்த முழுங்காதிய, தண்ணி வசனத்தச் சொல்லுங்க" என்று ஒரே கூச்சல். இதுவரை நாலு தடவை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாயிற்று. கடைசி இரண்டு தடவை, சென்னையிலிருந்து திரும்பி வந்த நானும் இந்தப் பக்கம் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

சென்னைக்குப் போன மூன்றாம் நாளே எனக்கு வயிறு கெட்டுவிட்டது. பத்து நாள் படுத்த பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஹாஸ்டலில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் இல்லை. தண்ணீர் துளிகூட ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் இவர் போன் செய்து, "தண்ணி எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "தேனா இருக்கு" என்பேன்.

இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் எனக்கு முன்னால் பிரித்துப் படிப்பவர் அவர்தான். படித்துவிட்டு நேராகப் பேச்சியம்மாளிடமும் மேனேஜரிடமும் சோழபுரத்து அண்ணனிடமும் போய், நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கேட்கத்தான் போகிறார். கேட்கட்டும். எல்லாரிடமும் சொல்லட்டும்.

ஆனால் இந்தத் தடவை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.